முழங்கால் மாற்றிய பின்னும் நோ மாறாவிட்டால்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் எமது முதியவர்களில் பலர் தோட்டக்காரர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் எழும்பி, பல இடங்களில் இருந்து, கடைசியில் மாடிக் கட்டடங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள். வெங்காயம் நட்டும் களை பிடுங்கியும் தேய்ந்த முழங்கால்களோடு வந்தார்கள். அவர்களுள் சிலர் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். பெரும்பாலானோருக்குச் சுகம் கிடைத்தது. கிடைக்காதவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவர்களுக்காகவும், ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்வோமா விடுவோமா என்று யோசிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகின்றோம்.

இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000ஆம் ஆண்டில் இடது முழங்காலையும் 2001இல் வலது முழங்காலையும் மும்பாயில் மாற்றிக்கொண்டார். இப்படியொரு சிகிச்சை உண்டென்று எம்மவர் பலர் அறிந்தது அப்போதுதான். அதைச் செய்த டொக்டர் சித்தரஞ்சன் ராணாவத், 1974 அளவில் நியூயோர்க்கில் இன்றைய செயற்கை முழங்காலின் முன்னோடியை உருவாக்கிய குழுவில் ஒருவர். காலையே கழற்றி வேறு கால் பூட்டுகிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொடை எலும்பின் கீழ்நுனியிலும் கணைக்கால் எலும்பின் மேல்நுனியிலும் தேய்ந்த பகுதியை மட்டும் சீவி எடுத்து, உலோக மூடி போட்டு, நடுவே உறுதியான பிளாஸ்ரிக் தட்டொன்றை வைக்கிறார்கள். 100 முழங்கால்களில் ஏறக்குறைய 82, 25 வருடங்கள் வரை நிலைக்கின்றன என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது.

ஆனால் மூட்டு நிலைப்பது வேறு, நோ தீர்வது வேறு. பல நாடுகளிலும் செய்யப்பட்ட ஆய்வுகளின்படி, முழங்கால் மாற்றிய ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் பல மாதங்கள் கடந்தும் நோவோடு இருக்கிறார், அல்லது எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்கிறார். ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் தனி ஆளல்ல. "உடற்பயிற்சி ஒழுங்காய்ச் செய்யவில்லை, அதுதான்" என்று குற்றம் சாட்டும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், செயற்கை மூட்டை வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருப்பதுண்டு. அதற்காக நகை அடகு வைத்திருப்பார்கள், அல்லது கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பியிருப்பான். அந்தக் காசு வீணாய்ப் போயிற்று என்று பிள்ளைகள் வருந்துவார்களே என நோவை மறைக்கும் தாய்மாரை நாம் அறிவோம். மறைப்பதால் நோ கூடும். காரணமும் தெரியாமற் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் வெற்றி என்பதும் தோட்டக்காரர் வெற்றி என்பதும் ஒன்றல்ல. சமதரையில் நடக்க முழங்கால் 70 பாகை அளவு மடிந்தால் போதும். படி ஏறி இறங்க 90 பாகை அளவும், பதிந்த கதிரையிலிருந்து எழும்ப 105 அளவும் வேண்டும். மாற்றிய முழங்கால் பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடியும். குந்தியிருக்க 130 பாகைக்கும் மேல் வேண்டும். எனவே "நன்றாக வந்திருக்கிறது" என்று வைத்தியர் சொல்லும் கால், குந்து மலசலகூடத்திலும் கிணற்றடியிலும் பாத்திக்கு நடுவிலும் உதவாது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே எமது மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது எமது உறுதியான எண்ணம். வைத்தியர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "நான் திரும்பவும் குந்தலாமா? பாயில் இருந்து எழும்பலாமா?"

சரி, செய்தாயிற்று, நோ தீரவில்லை. அடுத்தது என்ன?

முதல் மூன்று மாதங்களில் நோவும் வீக்கமும் சூடும் இருப்பது வழமை. ஒரு வருடம் வரை மெல்ல மெல்லக் குறையலாம். தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் விறைத்தபடி இருப்பதும் வழமையே. தோலுக்கான சிறு நரம்பொன்று வெட்டுப்படுவதால் அது வருகிறது. முதல் சில வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மூன்று மாதம் கடந்தும் நோ கடுமையாக இருந்தால், அல்லது நன்றாக இருந்த கால் பின்னர் நோகத் தொடங்கினால், காரணத்தைத் தேட வேண்டும். மிகவும் பயப்பட வேண்டியது கிருமித் தொற்று. 100 பேரில் ஓரிருவருக்கு அது வரும். சும்மா இருக்கும்போதும் இரவிலும் நோ, சிவப்பு, காய்ச்சல், தழும்பில் நீர் கசிதல் ஆகியன அதன் அடையாளங்கள். இங்கே எமது மக்கள் செய்யும் பெரும் பிழை, பாமசியில் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கி விழுங்குவது. அது கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும். முதலில் இரத்தம் சோதித்து, ஊசியால் மூட்டு நீர் எடுத்துப் பார்த்த பிறகே மருந்து. மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்திருந்தால், கதிரையால் எழுந்து முதல் அடிகள் வைக்கும்போது நோ குத்தும். கால் மடியாமல் இறுகிப் போனால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடலாம். ஆனால் அது முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். சிலருக்கு நோவின் ஊற்று முழங்காலே அல்ல, இடுப்பு மூட்டு அல்லது நாரி. எரிவு, மின்சாரம் அடித்தது போன்ற குத்தல், சேலை பட்டாலே கூச்சம் என்றால் அது நரம்பு நோ. அதற்கு வேறு மருந்து உண்டு. சாதாரண நோக் குளிசை கேளாது.

காரணம் தெரிந்தால் இரண்டாவது சத்திரசிகிச்சை உதவலாம். காரணம் தெரியாமல் "திறந்து பார்ப்போம்" என்பதற்கு அவசரப்பட்டு உடன்பட வேண்டாம். அப்படிச் செய்தவை பெரும்பாலும் நோவைத் தீர்ப்பதில்லை. இரண்டாம் முறை செய்வது முதல் முறையிலும் கடினமானது, செலவும் கூட. பிரித்தானியாவில் எட்டு வைத்தியசாலைகளில், மூன்று மாதத்தின் பின்னும் நோவோடு இருந்த 363 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரை ஒருவர் ஆறுதலாக இருத்தி விசாரித்து, நோவின் தன்மையைப் பிரித்தறிந்து, உரிய இடத்திற்கு அனுப்பி, தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார். ஒரு வருட முடிவில் அவர்களுக்கு மற்றவர்களிலும் நோ குறைந்திருந்தது. 2022இல் இது வெளிவந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, கேட்டறிந்த விசாரணைதான்.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. டைக்குளோபெனக் போன்றவற்றை மாதக்கணக்கில் தாமாக வாங்கிப் போடுகிறார்கள். அது குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வன்னியிலும் வட மத்திய மாகாணத்திலும் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவியிருக்கும் நிலையில் இது நெருப்போடு விளையாடுவது. பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மெலிந்த முதியவர்களுக்கு அதிலும் குறைவு.

இனி வீடு. பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறுங்கள். கதிரை முழங்கால் உயரத்திலும் சற்று உயரமாக, கைப்பிடியோடு இருக்கட்டும். கொமட் கட்ட வசதியில்லையா? பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிக் குந்து மலசலகூடத்தின் மேல் உறுதியாக வைக்கலாம். பக்கத்துச் சுவரில் பிடிக்க ஒரு குழாய் போதும். குளிக்கும் இடத்திலும் ஒரு கதிரை. இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டாம். கால் மடிந்தபடியே இறுகிவிடும். மாறாக, பகலில் காலை நீட்டி, மடித்த துவாயொன்றை முழங்காலின் கீழ் வைத்து, அதை ஐந்து எண்ணும்வரை அமத்தி விடுங்கள். பத்துத் தரம், நாளுக்கு மூன்று வேளை. நடக்கும்போது உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு முழங்காலில் இறங்குகிறது. ஆகவே ஐந்து கிலோ மெலிந்தாலும் காலுக்குப் பெரிய ஆறுதல்.

பொல்லைப் பலர் நோகும் காலின் பக்கமே பிடிக்கிறார்கள். மற்றக் கையிலேயே பிடிக்க வேண்டும். உயரம் மணிக்கட்டு மட்டம். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு இது தினசரிப் பாடம்.

ஊரில் தோட்டம் செய்பவர்கள் தாழ்ந்த பாத்தியை விட்டு, இடுப்பளவு உயரத்தில் கல்லடுக்கியோ உரப் பையில் மண் நிரப்பியோ கீரையும் மிளகாயும் வைக்கலாம். நீண்ட பிடி மண்வெட்டி வேண்டும். வெங்காயக் களையை மற்றவர்களுக்கு விட்டு, நாற்றுமேடை, விதை தெரிதல், கணக்கு ஆகியவற்றைப் பொறுப்பெடுக்கலாம். கோயிலில் முழந்தாளிட முடியவில்லையே என்று கவலைப்படுவோருக்கு: வாங்கில் இருந்தபடியே செபியுங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசிகளைத் தொலைத்துப் பழகிவிட்டோம். சத்திரசிகிச்சைத் துண்டு, போட்ட மூட்டின் பெயரும் அளவும் எழுதிய ஒட்டுச்சீட்டு, எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, கைத்தொலைபேசியிலும் படம் பிடித்து வையுங்கள். இரண்டாம் முறை திறப்பவருக்கு அந்தப் பெயரும் அளவும் மிக அவசியம். கொழும்பில் இருப்போர் தேசிய வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்குக்கோ களுபோவிலை வைத்தியசாலைக்கோ போகும்போது, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். நோ எப்போது, எங்கே, எப்படி என்பதைத் தமிழிலேயே முன்கூட்டி எழுதி அவரிடம் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்போர் பொல்லு, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு ஜெய்ப்பூர் நிலையத்தில் விசாரிக்கலாம். 1987இலிருந்து அது இயங்கி வருகிறது. செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் உதவி கிடைக்குமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.