எலும்பில்லாத கோடுகள்

1920களின் அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களில் உலவிய உருவங்கள் பலவற்றிற்கு முழங்கையும் இல்லை, முழங்காலும் இல்லை. கைகால்கள் ரப்பர்க் குழாய்போல் வளைந்தமையால் அப்பாணிக்கு அப்பெயரே வழங்கலாயிற்று.

அதற்குக் காரணம் கலைக்கொள்கையன்று; வேலைச் சுமையே. சில நிமிடப் படத்திற்கே ஆயிரக்கணக்கான ஓவியங்கள் தேவைப்பட்டன. மூட்டுகளை அளந்து வரைவதினும் ஒரே வளைகோட்டை இழுப்பது எளிது.

ஆயினும் அந்த எளிமை புதியதோர் உலகைத் திறந்தது. வளையும் கை நீளலாம். நீளும் உடல் வேறொன்றாகவும் மாறலாம். 1928இல் ஒலியுடன் வெளிவந்த ‘ஸ்டீம்போட் வில்லி’யில், இசைத்தாளை விழுங்கிய ஆட்டின் வாலைச் சுழற்ற, அதன் வாயிலிருந்து பாட்டு எழுகிறது. 1929இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ படத்தில் ஓர் எலும்புக்கூடு மற்றோர் எலும்புக்கூட்டையே இசைக்கருவியாக்கித் தட்டுகிறது. காட்சி குழம்பினும் தாளம் குழம்புவதில்லை. அக்கட்டுப்பாடே அக்குழப்பத்தை இனிதாக்குகிறது.

1937இல் ‘ஸ்னோ ஒயிட்’ வந்தபோது உருவங்கள் எலும்பும் எடையும் பெற்றிருந்தன. அவற்றின் துயரம் நம் நெஞ்சைத் தொட்டது. ஆனால், எதுவும் எதுவாகவும் மாறலாம் என்னும் உரிமை சுருங்கிற்று. மாணவர் வரையும் வளைந்த கையைத் திருத்துமுன், அந்த இழப்பையும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தல் நன்று.