தக்காளியிலிருந்து தொடங்கலாம்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சில ஊர்களில் இருநூறையும் தொட்டது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது. வீடுகளில் ரசத்துக்குப் புளியைக் கூட்டிச் சமாளித்தார்கள். பொருளாதாரம் கொஞ்சமாவது புரிய வேண்டும், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு மாதத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், அவசரமில்லை.

விலை ஏன் ஏறியது? ‘பதுக்கல்’ என்றுதான் முதலில் வாயில் வரும். அரிசியை, பருப்பைப் பதுக்கலாம். பழுத்த தக்காளியை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? காரணம் ஜூலையில் இல்லை, அதற்குச் சில மாதங்கள் முன்னால் இருந்தது. ஓசூர், பாலக்கோடு, கோலார், மதனப்பள்ளி என்று நமக்குத் தக்காளி வரும் பகுதிகளில் கோடையின்போது விலை அடிமட்டத்தில் கிடந்தது. பறிப்புக்கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று பல விவசாயிகள் பறிக்காமலே விட்டார்கள். அடுத்த நடவையும் குறைத்துக்கொண்டார்கள். அதன்மேல் வெயில், செடியில் நோய், பிறகு மழை. நாற்று நட்ட செடி முதல் பறிப்புக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் ஜூலையில் மார்க்கெட்டில் வரத்து சுருங்கியபோது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதிதாக ஒரு பெட்டி தக்காளி எங்கிருந்தும் முளைத்துவிடாது.

இப்போது வாங்குகிறவர் பக்கம் வாருங்கள். பத்துப் பெட்டி வர வேண்டிய இடத்தில் ஏழு பெட்டி வருகிறது. மூன்று பெட்டி குறைந்ததால் விலையும் முப்பது சதவீதம்தானே ஏற வேண்டும் என்று தோன்றும். அப்படி நடக்காது. மூன்று பெட்டிக்கான ஆட்கள் ‘வேண்டாம்’ என்று ஒதுங்கும் வரை விலை ஏறிக்கொண்டே இருக்கும். ஹோட்டல்காரர் ஒதுங்க மாட்டார், சாம்பார் வைத்தே ஆக வேண்டும். வசதியுள்ள வீடு முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவிடும். ஒதுங்குவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பற்றாக்குறையை விலை பங்கிட்டுக் கொடுக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பசியைப் பார்த்துப் பங்கிடுவதில்லை, சட்டைப்பையைப் பார்த்துப் பங்கிடுகிறது. நியாயவிலைக் கடையில் அறுபது ரூபாய்க்குத் தக்காளி விற்றதற்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது. அதனால் மொத்த வரத்து ஒரு பெட்டிகூடக் கூடவில்லை. இருந்ததில் கொஞ்சம், ஒதுங்க வேண்டியிருந்தவர்கள் கைக்கும் போனது.

கதை அங்கே முடியவில்லை. ஜூலை விலையைப் பார்த்துத் தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தக்காளி நட்டார்கள். எல்லாருடைய காயும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தது. செப்டம்பரிலேயே விலை சரிந்து, பறிப்புக்கூலிகூடக் கட்டாத நிலை வந்தது. விவசாயியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிவது இன்றைய விலை. அவர் விற்கப்போவது எழுபது நாள் கழித்து வரும் விலைக்கு. பக்கத்துத் தாலுகாவில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது சுமார் 33 பைசா என்று ரிசர்வ் வங்கியில் 2024இல் வெளியான ஓர் ஆய்வுத்தாள் மதிப்பிட்டது. மீதி கூலி, வண்டி, கமிஷன், அழுகிப்போனது, கடை வாடகை, லாபம். விலை ஏறியபோது செய்தியில் தக்காளி வந்தது. விழுந்தபோது அவ்வளவாக வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி, மாதாமாதம் செய்தியில் வரும் அந்த எண்ணுக்குப் போவோம். 2023 ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 7.44 சதவீதத்துக்குத் தாவியது. இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? ஒரு சராசரிக் குடும்பம் நூறு ரூபாயை எதெதற்குச் செலவழிக்கிறது என்று ஆய்வு நடத்தி ஒரு பட்டியல் போடுகிறார்கள். பிறகு நாடு முழுக்கக் கடைகளில் மாதாமாதம் விலை கேட்டு எழுதி, அதே பட்டியலை வாங்க இப்போது எவ்வளவு ஆகிறது என்று பார்க்கிறார்கள். அன்று நடப்பில் இருந்த, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பட்டியலில் நூறு ரூபாயில் ஏறத்தாழ 46 ரூபாய் உணவுக்கும் பானங்களுக்கும். அதில் தக்காளிக்கு 57 பைசா மட்டும். அந்த மாதம் தக்காளி முந்தைய ஜூலையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகியிருந்தது. 57 பைசா மூன்று மடங்கானால் 1 ரூபாய் 71 பைசா. கூடுதல் 1 ரூபாய் 14 பைசா. தோராயமான கணக்குதான், ஆனாலும் பாருங்கள், நூற்றுக்கு அரை ரூபாய்ப் பொருள் ஒன்று, தனியாகவே நாட்டின் பணவீக்கத்தை ஒரு சதவீதத்துக்கு மேல் தூக்கிவிட்டது.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூலையில் பணவீக்கம் 3.54 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் இல்லாத குறைவு. அந்தச் சமயம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மாஸ்டர் கேட்டார்: “சார், விலைவாசி குறைஞ்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். எனக்குப் பால் விலை குறையல. யாருக்குக் குறைஞ்சுது?”

நியாயமான கேள்வி. குறைந்தது விலை இல்லை, விலை ஏறும் வேகம். உங்கள் பையன் போன வருஷம் மூன்று அங்குலம் வளர்ந்தான், இந்த வருஷம் ஒரு அங்குலம் வளர்ந்தான் என்றால் வளர்த்தி குறைந்துவிட்டது என்கிறோம், பையன் குட்டையாகிவிடவில்லை. பன்னிரண்டு ரூபாய் டீ பன்னிரண்டிலேயே ஒரு வருஷம் நின்றால் அதன் பணவீக்கம் பூஜ்யம். பத்து ரூபாய்க்குத் திரும்ப வேண்டுமென்றால் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024 ஜூலை விலையை 2023 ஜூலை விலையோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்த ஜூலை எப்படிப்பட்ட ஜூலை என்று இப்போதுதான் பார்த்தோம். அவ்வளவு உயரத்தில் இருந்த ஒன்றோடு ஒப்பிட்டால் எதுவும் சிறிதாகத்தான் தெரியும். அதனால் பணவீக்கம் ஏறியது, இறங்கியது என்று எந்தச் செய்தியைப் படித்தாலும், எதோடு ஒப்பிட்டு என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். கட்சி மேடையில் யாராவது சதவீதம் சொன்னாலும் இதே கேள்விதான்.

யாருடைய பட்டியல் என்பதையும் கேட்க வேண்டும். 2023-24 குடும்பச் செலவு ஆய்வின்படி கிராமத்துக் குடும்பத்தின் செலவில் சுமார் 47 சதவீதம் உணவுக்குப் போகிறது, நகரத்தில் 40க்குச் சற்றுக் குறைவு. அதுவும் சராசரி. சம்பளம் குறையக் குறைய உணவின் பங்கு ஏறும். தக்காளியும் பருப்பும் ஏறும் மாதத்தில் கூலிக்காரர் வீட்டுப் பணவீக்கம் டிவியில் சொல்லும் எண்ணைவிடக் கூடுதல். வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் ஏறும் மாதத்தில் நகரத்து நடுத்தரக் குடும்பத்துக்குக் கூடுதல்.

அடுத்தது ரிசர்வ் வங்கி. பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பது அதன் சட்டப்படியான இலக்கு. இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். அப்படியானால் 7.44 என்பது எல்லை தாண்டியது. தக்காளி உச்சத்தில் இருந்த 2023 ஆகஸ்டில், விலை கட்டுமீறுகிறது என்று தெரிந்தும், ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றவில்லை, 6.5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. நான் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வட்டியை ஏற்றினால் கடன் வாங்குவது குறையும். வீடு, வண்டி, புதிய எந்திரம் எல்லாம் தள்ளிப்போகும். செலவு குறைந்து விலை அடங்கும். ஆனால் தக்காளியை யாரும் கடன் போட்டு வாங்கவில்லை. வட்டியை ஏற்றுவதால் மதனப்பள்ளியில் ஒரு செடி கூடுதலாகக் காய்க்கப்போவதும் இல்லை.

அதற்கு முந்தைய வருஷம் நிலைமை வேறு. உக்ரைன் போருக்குப் பிறகு கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய் என்று ஆரம்பித்து விலையேற்றம் எல்லாப் பொருளுக்கும் பரவியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை ஏற்றியது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டி இது, ரெப்போ என்பார்கள். வீட்டுக்கடன்கள் பலவும் இதோடு கட்டப்பட்டவை என்பதால் ஏற்றம் நேராக நம் வீட்டுக்கு வந்தது.

எவ்வளவு வந்தது என்று பார்ப்போம். 25 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 19,400 ரூபாய். வட்டி இரண்டரை ஏறி 9.5 ஆனால் 23,300. பலர் ‘எனக்கு இ.எம்.ஐ. ஏறவே இல்லையே’ என்று நிம்மதியாக இருந்தார்கள். தவணையைத் தொடாமல் வங்கி வருஷத்தை நீட்டியிருக்கும். மேலே சொன்ன கடனில் அதைச் செய்து பாருங்கள். ஆரம்பத்திலேயே வட்டி 9.5 ஆகிவிட்டால் முதல் மாத வட்டி மட்டும் 19,792 ரூபாய். கட்டும் 19,400 வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். இப்படி நடக்கக் கூடாது, தவணையைக் கூட்டுவதா, வருஷத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வீட்டுக்கடன் இருப்பவர்கள் வங்கிக்குப் போய், மிச்சம் எத்தனை தவணை என்று ஒரு தடவை எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாகக் கூலி. விலை ஏறுவது ஒரு பாதிதான்; நம் வருமானமும் அதோடு ஏறியதா என்பது மறுபாதி. மத்திய அரசு ஊழியருக்குத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படியைத் திருத்துகிறார்கள். நூறு நாள் வேலையின் கூலியை வேளாண் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்துத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2022-23இல் 281 ரூபாயாக இருந்தது அடுத்த ஆண்டு 294 ஆனது. டீ மாஸ்டருக்கு எந்தக் குறியீடும் கிடையாது, முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. அவருக்கு அன்று நான் போட்டுக் காட்டிய கணக்கு இது: 2022 ஜூலையில் நாளுக்கு 500 ரூபாய் வாங்கியவர், ஒரு வருஷம் 7.44, அடுத்த வருஷம் 3.54 என்று சேர்த்தால், 2024 ஜூலையில் 556 ரூபாய் வாங்கினால்தான் பழைய இடத்திலாவது நிற்கிறார். 520 வாங்கினால் கூலி ஏறியதாகத் தோன்றும். உண்மையில் நாளுக்கு 36 ரூபாய் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்ணை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வாக்கில் வெளியிடுகிறது. கிராமம், நகரம் என்று பிரித்தும், மாநில வாரியாகவும் கிடைக்கும்.