வாயிலோடு நின்றுவிடும் பூட்டு

மாணவர்களே! கோவை நூற்பாலைக்கு வரும் கடிதத்தை வாயிற்காவலர் வாங்கி, உரிய பிரிவுக்கு அனுப்புவார் அல்லவா? பெரிய இணையதளங்களிலும் இப்படி ஒரு வாயிற்கணினி உண்டு. 'ரிவர்ஸ் பிராக்ஸி' எனப்படும் அது, நம் வேண்டுகோளைப் பெற்று உள்ளேயுள்ள கணினிகளுள் ஒன்றுக்கு அனுப்பும்.

வாயில்வரை செய்தி மறைகுறியில் வரும், அங்கே பிரிக்கப்படும். பிறகு வெளிப்படையாகவே உள்ளே போனால் என்ன ஆகும்? கூகுளின் தரவு மையங்களை இணைத்த தடங்களில் அமெரிக்க உளவுத்துறை ஒட்டுக்கேட்டதாக 2013 அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. அத்தடங்களிலும் கூகுள் மறைகுறியைப் புகுத்தியது.

ஆகவே வாயிற்கணினி செய்தியை மீண்டும் மறைகுறியாக்கி அனுப்பவேண்டும். பெறுவது உரிய கணினிதானா என்று அதன் சான்றிதழையும் சோதிக்கவேண்டும். என்ஜின்எக்ஸ் மென்பொருளில் இச்சோதனையை நாமே இயக்கிவிடவேண்டும். இல்லையேல், பெட்டியைப் பூட்டிச் சாவியோடு யாரோ ஒருவரிடம் கொடுத்ததாகும்!