பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

2023-இல் ஒரு மாதம் 20-ஆம் தேதி. ஜி.எஸ்.டி. மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். எங்கள் கணக்குப்பிள்ளை காய்ச்சலில் மருத்துவமனையில் இருந்தார். பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும். மாற்றலாமென்றால் ஓ.டி.பி. போவதும் அவருடைய செல்போனுக்கே! அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவு செய்த அன்று, "உம்ம நம்பரையே போடும்" என்று சொன்னவன் நான்தான். மூன்று நாள் தாமதம்; நாளொன்றுக்கு ரூ.50 கட்டணம், வரிக்கு வட்டி வேறு.

வணிக நண்பர்களே, சிலர் பாஸ்வேர்டைக் கல்லாவுக்கு மேல் காலண்டரில் எழுதியிருக்கிறார்கள். கல்லாவைத் திறந்துபோட்டது போலத்தான். நோட்டில் எழுதலாம், அது இரும்புப்பெட்டிக்குள் இருக்கட்டும். முழுதாகவும் எழுத வேண்டாம். அடக்க விலையைச் சரக்கின்மேல் எழுத்துக்குறியாக எழுதிப் பழகியவர்கள்தானே நாம்! நான் முன்பாதியை மட்டும் எழுதுகிறேன். பேங்குக்கு ஒன்று, ஜி.எஸ்.டி.க்கு ஒன்று, இமெயிலுக்கு ஒன்று. பின்பாதி மனத்தில். அது என் மகனுக்கும் தெரியும்.

யு.பி.ஐ. பின் நம்பர் மட்டும் எந்த நோட்டிலும் ஏறக்கூடாது. பணம் வாங்க அது தேவையே இல்லை. 'பணம் வர பின் போடுங்கள்' என்பவன் மோசக்காரன்.

இப்போது ஜி.எஸ்.டி.யில் என் நம்பரே இருக்கிறது. உங்களுடையது யார் நம்பரில் இருக்கிறதென்று இன்றே பார்த்துவிடுங்கள்.