டாக்டராக இருந்தால்தானா? வெளிநாட்டில் தொண்டு செய்ய ஐ.நா. காட்டும் வழி

2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது, சிட்லபாக்கம் ஏரியைச் சுத்தம் செய்ய ஊர் மக்களே இறங்கினார்கள். அதே மனசோடு கையில் ஒரு தொழிலும் இருந்தால், கடல் தாண்டியும் வேலை காத்திருக்கிறது.

ஐ.நா. பொதுச்சபை 1970-ல் உருவாக்கிய 'ஐ.நா. தன்னார்வலர்கள்' திட்டத்துக்குத் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல. கணக்காளர், சிவில் இன்ஜினீயர், ஐ.டி. ஆட்கள் எனப் பலரையும் தேடுகிறார்கள். வெளிநாட்டுப் பணிக்கான நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும். ரிட்டயரான அப்பாக்களும் தாராளமாக முயலலாம்!

சம்பளம் கிடையாது. ஆனால் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கான படி, மருத்துவக் காப்பீடு, பயணச் செலவு உண்டு. வீட்டுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே கிளம்புவது நல்லது.

ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஆன்லைன் பணி இருக்கிறது. மொழிபெயர்ப்பு, டிசைன் போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்து தரலாம். இதற்குப் படியும் இல்லை.

முக்கியமான விஷயம்... விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் கேட்பதில்லை. 'ஐ.நா. வேலை ரெடி, பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது மோசடி. தெரிந்தவர் அனுப்பியதாகவே இருந்தாலும், அந்த வேலை ஐ.நா. தன்னார்வலர்கள் இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.