மாதம் நிறையுமுன் வலி கண்டால்

ருவான்வெல்லையைச் சூழ்ந்த ரப்பர் தோட்டங்களில் விடிகாலையிலேயே மலையேறி, மரம் மரமாய்ப் பால் வெட்டி, நிறைந்த வாளியோடு சரிவிறங்கும் கர்ப்பிணித் தாயின் உதரத்திலே, இருதயம் துடிக்கத் தொடங்கி மாதங்கள் பல கடந்த பின்னரும் பக்குவமடையாது பிந்தி நிற்கும் அவயவம் சுவாசப்பையே ஆகும். நான்காம் வாரத்தில் சிறு மொட்டாய் அரும்பிக் கிளை கிளையாய்ப் பிரியும் அது, பிராணவாயுவை ஏற்கவல்ல நுண்ணறைகளை அமைக்கத் தொடங்குவது 24 ஆம் வாரத்தை ஒட்டித்தான். அவ்வறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சு போதிய அளவு சுரப்பதோ 34, 35 வாரமளவிலே. அதற்கு முன் பிறந்துவிடும் சிசு, மூடிய அறைகளை ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாய்த் திறக்கப் போராடி, நெஞ்சு குழிந்து, முனகி, உதடு நீலம் பாரித்துக் களைத்துப்போகிறது.

லயத்துக் குசினியின் விறகுப் புகையும், கணவன் ஊதும் சிகரட்டும் கருவின் சுவாசப்பைக்குக் கேடே.

வீட்டில் இவற்றைத் தவிர்ப்பதோடு, தோட்டத்து வேலையிலும் தாயைக் காக்கச் சட்டம் உண்டு. இலங்கையின் 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், அறிவிக்கப்பட்ட பிரசவத் தேதிக்கு முந்திய மூன்று மாதங்களில் தாய்க்கோ சிசுவுக்கோ தீங்கு பயக்கும் வேலை கொடுப்பதைத் தடுக்கிறது. பாரம் சுமந்து வழுக்குச் சரிவில் நடப்பது அத்தகையதே என்பது என் அபிப்பிராயம். கர்ப்பத்தைக் காரணங்காட்டி வேலைநீக்கம் செய்யவும் கூடாது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுமுறை உண்டு. கங்காணியிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், கிளினிக் அட்டையிலுள்ள தேதியைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இத்தனைக்கும் மேலாக நம் தாய்மார் அறியவேண்டிய பரிகாரம் ஒன்றுண்டு. நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளை ஆராய்ந்த லிகின்ஸ் என்னும் வைத்தியர், பிழைக்காதென எண்ணிய குறைமாதக் குட்டியொன்று மூச்சுவிடக் கண்டு தொடர்ந்த ஆய்வின் பயனாய், தாய்க்கு ஏற்றும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் சுவாசப்பையை விரைந்து பக்குவப்படுத்தும் என்பது 1972 இல் நிரூபணமாயிற்று. குறைமாதப் பிரசவம் நேருமென வைத்தியர் கருதினால், 24 முதல் 34 வாரத்துக்குள் அவ்வூசி போடப்படும். ஆயினும் அது முழுப்பலன் தர ஒரு நாளேனும் வேண்டும். சூட்டு வலியென்று கசாயம் குடித்து லயத்தில் கழிக்கும் ஓரிரவு அந்நாளைப் பறித்துவிடும். ஆதலால், மாதம் நிறையுமுன் இடுப்பு வலியோ, நீர்க்கசிவோ, இரத்தமோ கண்டால், இரவாயினும் கரவனெல்லை வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். வாகனமில்லையேல் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்; அதற்குக் கட்டணமில்லை.