தெளிந்த தண்ணீரில் செத்த மீன்

புதிதாக மீன் தொட்டி வாங்கிய வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் பரப்பிய நீலக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் இரண்டு தங்கமீன்களில் ஒன்று மல்லாந்து மிதக்கிறது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வாங்கி ஒரு வாரமோ பத்து நாளோதான் ஆகியிருக்கும். சென்னை கொளத்தூரில் எந்தக் கடையில் போய்ச் சொன்னாலும் முதல் கேள்வி "ஃபில்டர் போட்டீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோ தன் மொட்டைமாடி சிமென்ட் தொட்டியைக் காட்டுவார். அங்கே ஃபில்டரும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. கப்பி மீன் குஞ்சும் குட்டியுமாகப் பெருகிக் கிடக்கும்.

கடைக்காரர் கேட்டதும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் காட்டியதும் சரி. அது எப்படி என்று புரிய, தெளிந்த தண்ணீரில் மீன் எதனால் செத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சாப்பிட்ட புரதத்தை உடல் எரிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாகக் கழிகிறது. அமோனியா நஞ்சு. நம் கல்லீரல் ஆற்றலைச் செலவழித்து அதை யூரியாவாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. மீன் அந்தச் செலவை மிச்சம் பிடித்துக்கொள்கிறது. சுற்றிலும்தான் தண்ணீர் இருக்கிறதே! அமோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியே விட்டுவிடும். ஏரியிலும் ஆற்றிலும் இது பிரமாதமான சிக்கனம். பத்து லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள், விட்ட அமோனியா சுற்றிச் சுற்றி அதே செவுளுக்கே திரும்புகிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீன் பண்ணைகளில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: போடும் தீவனத்தின் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் அமோனியா நைட்ரஜனாக வெளியே வரும். ஒரு கிராம் தீவனம் என்றால் 30 மில்லிகிராம். 30 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு கிராம் என்பது பிள்ளைகள் ஆசையாக இரண்டு தடவை அள்ளிப் போடுகிற அளவுதான். தின்னாமல் அடியில் கிடந்து அழுகுவதும் அதே அமோனியாவாகத்தான் மாறும். இந்த அளவில் அதற்கு நிறமும் இல்லை, நம் மூக்குக்கு எட்டுகிற வாடையும் இல்லை.

அமோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றம் இல்லாத அமோனியா. செவுளுக்குள் எளிதாக நுழைந்துவிடும். இன்னொன்று ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம், அத்தனை தீங்கில்லாதது. இரண்டில் எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் நஞ்சு வேடம். பி.எச். 8 ஆனால் 7 சதவீதத்துக்கும் மேல். ஒரு படி ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீர் பல ஊர்களில் சுண்ணாம்பு மிகுந்து 8-ஐ ஒட்டியே நிற்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு துப்பறியும் கதைக்குத் தேவைப்படும்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இருந்தார். 1849-இல் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதிவரை ஊற்று நீர் ஊற்றி, அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டு, வாலிஸ்நேரியா செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது சில குளத்து நத்தைகளைச் சேர்த்தார். நத்தை அழுகலைத் தின்றது. நத்தை முட்டையை மீன் தின்றது. தண்ணீரை மாற்றாமலே எல்லாம் நன்றாக இருந்தன. மறு ஆண்டு வேதியியல் சங்கத்துக்குத் தன் விளக்கத்தைத் தந்தார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுக்கிறது, செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுக்கிறது, கணக்கு சரியாகிவிடுகிறது என்பதே அதன் சாரம். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் மீன் தொட்டி மோகம் பிடித்து ஆட்டியது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலை மீன்களுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தது.

வாரிங்டன் சொன்னதில் பாதிதான் கதை. மீதிப் பாதி அவர் தன் கையாலேயே பாத்திரத்தின் அடியில் போட்டிருந்தார். அது மணலும் சேறும்.

அதைக் கண்டுபிடித்தவர்கள் மீனைப் பற்றிக் கவலையே படாத இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். 1877-இல் பாரிஸில் தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் இருவரும் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்ட விட்டார்கள். முதல் இருபது நாள் உள்ளே போன அமோனியா அப்படியே கீழே வந்தது. அதன்பின் திடீரென்று கீழே நைட்ரேட் தென்பட்டது. அமோனியா குறைந்துகொண்டே போய்க் காணாமல் போனது. இது வெறும் வேதிவினை என்றால் எதற்கு இருபது நாள் காத்திருந்தது? குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள். மாற்றம் நின்றது. ஆவி போனபிறகும் தானாகத் திரும்பவில்லை. மண் கரைத்த நீர் கொஞ்சம் ஊற்றிய பிறகே திரும்பியது. மயக்க மருந்துக்கு மயங்குவது உயிர்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அந்தக் குழாய்தான் உலகம் கண்ட முதல் 'ஃபில்டர் சைக்கிளிங்' என்று சொல்வேன். மீன் வளர்ப்பவர்கள் இன்று புதுத் தொட்டிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது அதே காத்திருப்பைத்தான்.

பிரான்ஸில் நடந்ததை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒருவர் உடனே சோதித்து உறுதிசெய்தார். அதோடு நிற்காமல், வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்றும் கண்டார்: ஒரு வகை உயிர் அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். மீன் தொட்டி வாரிங்டனின் மகன். அப்பா 1867-இலேயே காலமாகிவிட்டார். தன் பாத்திரத்துச் சேற்றில் என்ன நடந்தது என்று மகன் கண்டறிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. மகனுக்கும் கடைசிப் படி கைகூடவில்லை. அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார்; 1890-இல் சூரிச்சில் செர்கெய் வினோகிராத்ஸ்கி முந்திக்கொண்டார். அன்றைய ஆய்வகங்களில் பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்க்க வைத்த ஜெலட்டினை, பிற பாக்டீரியாக்கள் ஆசையாகத் தின்றாலும், இவை சீண்டுவதே இல்லை என்பதுதான் சிக்கல். சோறும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அமோனியாவை எரித்துக் கிடைக்கிற சொற்ப ஆற்றலில், கரைந்துள்ள கரியமில வாயுவிலிருந்தே உடலைக் கட்டிக்கொள்கிற பிறவிகள்.

அந்த ஆற்றல் சொற்பம் என்பதால் அவை மெதுவாகவே பெருகும். குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் பெருகுமுன் தண்ணீரோடு போய்விடும். எனவே எதையாவது பற்றிக்கொண்டு, வழுவழுப்பான படலமாக வாழ்கின்றன. கடையில் வாங்குகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் இவற்றுக்குக் கட்டித் தந்த வீடு. ஏராளமான நுண்துளைச் சுவர்கள், இடைவிடாமல் உள்ளே வரும் அமோனியா, கூடவே ஆக்சிஜன். அழுக்கை வடிப்பது அதன் உபதொழில். வாங்கிய அன்று வீடு காலி. தெளிந்த தண்ணீரில் செத்த நம் தங்கமீனுக்கு முதல் நாளே ஃபில்டர் போட்டிருந்தாலும், தீவனத்தை அள்ளிப் போட்டிருந்தால் அநேகமாக அதே கதிதான்.

இரண்டு கட்டம் என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதல் கூட்டம் முன்னதாகவும் இரண்டாவது கூட்டம் தாமதமாகவும் குடியேறும். நடுவில் சில நாட்கள் நைட்ரைட் ஏறும். அது செவுள் வழியே ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடுகிறது, ரத்தம் பழுப்பாகிறது. செவுளில் குளோரைடு நுழைகிற வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு போட்டால் குளோரைடு அந்த வாசலை அடைத்துக்கொள்ளும். மீன் சோர்ந்தால் உப்புப் போடு என்ற பழைய கைவைத்தியத்துக்குள் இத்தனை நுட்பம் இருக்கிறது.

சரி, ஃபில்டரே இல்லாத மாடித் தொட்டி? அங்கே பச்சைத் தண்ணீரும் ஹைட்ரில்லாவும் வெயிலும் இருக்கின்றன. பாசியும் நீர்ச்செடிகளும் அம்மோனியத்தை உரமாகவே எடுத்துக்கொள்கின்றன. பல நீர்ச்செடிகளுக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியம்தான் பிடிக்கும். சிமென்ட் சுவரில் படிந்த வழுக்கலும் அடிச்சேறும் நுண்ணுயிர்களின் வீடு. தண்ணீரும் நூறு, இருநூறு லிட்டர். அது ஃபில்டர் இல்லாத தொட்டி இல்லை. முழுத் தொட்டியுமே ஃபில்டர். வீட்டுக்குள்ளும் இதைச் செய்யலாம். அடியில் மண், நிறையச் செடி, நல்ல வெளிச்சம், 40 லிட்டருக்குக் கைவிரல் எண்ணிக்கையில் சின்ன மீன், சிக்கனமான தீவனம் என்றால் மோட்டார் தேவையில்லை. ஒன்றுமட்டும் கவனிக்க வேண்டும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை உறிஞ்சும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் பிடித்து வைக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். மீன் கூட்டம் அதிகமானால் விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து மூச்சு முட்டும்.

ஃபைட்டர் மீனைக் கடையில் பிளாஸ்டிக் கப்பில் வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். விராலையும் பனையேறியையும்போல அது காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடும். ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். அமோனியா அதன் செவுளிலிருந்தும் வரத்தான் செய்கிறது. அந்தக் கப்பில் தண்ணீரை அடிக்கடி மாற்றுகிற கடைப் பையனின் கைதான் ஃபில்டர். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வைப்பதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை. நிறையத் தின்று, நிறையக் கழித்து, ஓரடி நீளம்வரை வளரக்கூடிய மீன் அது. இத்தாலியில் மோன்சா நகரம் 2004-இலும் ரோம் மறு ஆண்டிலும் அந்தக் கிண்ணங்களுக்குத் தடை போட்டன. உருண்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து மீனுக்கு உலகம் கோணலாகத் தெரியும் என்பது மோன்சாவில் சொன்ன காரணம். குறுகிய வாயில் காற்றுப் படும் பரப்பு குறைவு என்பதே எனக்குப் போதுமான காரணம்.

இனி அந்தத் துப்பறியும் கதை. ஓராண்டாக ஒரு குறையும் இல்லாத தொட்டி. நல்ல ஃபில்டர். ஆவியானதற்கு ஈடாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதோடு சரி, மாற்றியதே இல்லை. வீட்டில் விசேஷம் என்று ஒருநாள் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டுப் புதிதாக போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறார்கள். சாயங்காலத்துக்குள் பாதி மீன் காலி. "புதுத் தண்ணி ஒத்துக்கல" என்று வீட்டில் முடிவுகட்டுவார்கள். குளோரினைச் சந்தேகிக்கவும் வழியில்லை. அது போர் தண்ணீர்.

குற்றம் ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததில் தொடங்குகிறது. அமோனியா நைட்ரேட் ஆகும்போது அமிலம் பிறக்கிறது. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை தீர்ந்துபோகும். மாதங்கள் போகப்போகத் தண்ணீரின் காரம் கரைந்து பி.எச். 6-க்கு இறங்குகிறது. அந்த அமிலத்தில் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அமோனியா சேரத் தொடங்கும். ஆனால் பி.எச். 6-இல் நஞ்சு வேடம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, எல்லாம் அம்மோனியம். மீன் எதையும் காட்டிக்கொடுக்காது. முக்கால் தொட்டி புதுத் தண்ணீர் ஊற்றியதும் அமோனியாவின் மொத்த அளவு கால் பங்காகக் குறைகிறது, பி.எச். 8-ஐ நோக்கி ஏறியதில் நஞ்சின் விகிதமோ தொண்ணூறு மடங்குவரை எகிறுகிறது. வாரம் ஒரு தடவை நாலில் ஒரு பங்கு மாற்றியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

மீன் தொட்டி ஃபில்டரில் உண்மையில் குடியிருப்பது யார் என்பதில் வினோகிராத்ஸ்கிக்குப் பிறகும் நிறையத் திருத்தங்கள் வந்தன. 2005-இல் சியாட்டில் மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து அமோனியாவை எரிக்கும் ஓர் ஆர்க்கியாவை, அதாவது பாக்டீரியா அல்லாத வேறொரு வகை நுண்ணுயிரை, பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாக்களுக்கு மட்டுமே தெரிந்த தொழில் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அதே வகை உயிர்கள் உலகக் கடல்களெங்கும் கணக்கின்றி இருப்பது இப்போது தெரியும். இரண்டு கட்டத்துக்கு இரண்டு உயிர் என்று சின்ன வாரிங்டன் காலத்திலிருந்து நிலைத்த விதி 2015-இல் உடைந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை தனி ஆளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியாக்களை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது நெதர்லாந்தில், மீன் வளர்க்கும் தொட்டிகளோடு இணைந்த ஒரு ஃபில்டரில்.

இவ்வளவு வாழும் ஸ்பாஞ்சை மாதம் ஒரு தடவை கார்ப்பரேஷன் குழாயடியில் வெள்ளை வெளேர் என்று பிழிந்து வைப்பவர்கள் உண்டு. குளோரின் பாதியைக் கொல்லும், பிழிவதில் மீதி போகும். மறுநாள் தொட்டி மறுபடி புதுத் தொட்டி. தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு தடவை அலசினால் போதும். கரண்ட் போனாலும் இதே சிக்கல்தான். மூடிய டப்பா ஃபில்டருக்குள் தண்ணீர் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கிற உயிர்கள் மிச்ச ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுத் திணறும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அதை அப்படியே ஓட விடாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள். அன்றைக்கு மீனுக்குத் தீவனம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது.